அப்ரைசல் முடியட்டும் என்று நிறுத்தி வைத்த மெயில்

இரண்டு வருடம் இருக்கும். தண்ணீர் லாரி வருமா வராதா என்று பெங்களூரே வாசலில் நின்ற அந்தக் கோடையில், எலக்ட்ரானிக் சிட்டியில் என் ஆபீசின் நாலாவது மாடியில் நடந்தது இது. நான் சந்தாபுராவிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருபவள். வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று வருடம்தான். ஆனால் வாயைப் பார்த்தால் முப்பது வருட சர்வீஸ் என்று நினைப்பீர்கள்.

ஐரோப்பாவில் ஓடும் பார்சல் லாரிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கும் சாஃப்ட்வேர் எங்களுடையது. டீமில் பாதிப் பேர் பெங்களூரில், பாதிப் பேர் உக்ரைனில். தினமும் மதியம் ஒன்றரை மணிக்கு இரண்டு பக்கமும் வீடியோ காலில் கூடுவோம். நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், ஏதாவது தடை இருக்கிறதா என்று ஆளுக்கு ஒரு நிமிடம். அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் டினிப்ரோ என்ற ஊரிலிருந்து ஒருவர் வருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். நெட்டை ஆள், சிரிக்காமலே ஜோக் அடிப்பார். இந்த லாரியின் எடையை இந்தப் பாலம் தாங்குமா, தாங்காவிட்டால் எந்த வழியாகத் திருப்பிவிடுவது என்று முடிவு செய்யும் பகுதி முழுக்க அவர் எழுதியது. அவரைத் தவிர யாருக்கும் அதில் கை வைக்கத் தைரியம் கிடையாது. நாங்கள் இங்கே அவருக்கு வைத்த பேர் பாலம் அண்ணா. அது அவருக்கும் தெரியும். அண்ணா என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "எனக்குப் பெங்களூர்ல ஒரு குடும்பமே இருக்குன்னு சொல்லுங்க" என்றார். எங்கள் பேச்சு எல்லாம் இங்கிலீஷில்தான். இங்கே என் தமிழில் போடுகிறேன்.

ரஷ்யாவோடு நடந்துகொண்டிருந்த போரில் நான் முழுக்க முழுக்க உக்ரைன் பக்கம். லேப்டாப்பில் நீலம் மஞ்சள் ஸ்டிக்கர், தினமும் ஒரு போஸ்ட், கேன்டீனில் தினமும் ஒரு சண்டை. சண்டை போட எனக்குக் கிடைத்தவன், எங்கள் டீமிலேயே டெஸ்டிங் பார்க்கும், நீலசந்திரா ஏரியாவிலிருந்து வரும் ஒரு பையன்.

"எவன் வீட்டுச் சண்டையிலயோ அமெரிக்காகாரன் பழைய குண்டு ஸ்டாக்க காலி பண்றான் குரு. உனக்கு என்ன சும்னே டென்ஷன்?" என்பான்.

"வீட்டுக்குள்ள பூந்து அடிக்கறான், இவங்க கையக் கட்டிட்டு நிக்கணுமா? குடுக்கறவன் எதுக்குக் குடுத்தா என்னடா, வாங்கறவனுக்கு இப்போ வேணும்."

"குடுக்கறவன் ஆறு மாசமா எங்க குடுத்தான்? அவங்க எலெக்‌ஷன் கணக்கு முடியற வரைக்கும் ஓட்டே போட மாட்டான். நீ போஸ்ட் போடு மச்சி, பயந்துடுவான்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அமெரிக்காவில் உக்ரைனுக்கான ஆயுத உதவி மசோதா மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. பாலம் அண்ணாவிடம் கேட்டால், தன் மனைவியின் தம்பி பீரங்கிப் படையில் இருப்பதாகவும், எதிரில் இருப்பவன் பத்து சுட்டால் இவர்களுக்கு ஒன்றுதான் சுட அனுமதி என்றும் ஏதோ வானிலை அறிக்கை படிப்பது மாதிரி சொல்வார். நான் வீடியோ காலிலேயே கொதிப்பேன். "இவங்களுக்கெல்லாம் வெக்கமா இல்லையா? ஆள் செத்துட்டு இருக்கும்போது எப்படி உக்காந்து கணக்குப் போடறாங்க?" என்பேன். அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒருநாள் மேற்கு நாடுகள் கொடுத்த பெரிய டேங்க் ஒன்றைப் பற்றி நான் அளந்து விட்டுக்கொண்டிருந்தேன். அது வந்தாலே போர் முடிந்த மாதிரி என்றேன்.

"எடை எவ்வளவு?" என்றார்.

கூகுள் பண்ணிப் பார்த்து, அறுபது டன்னுக்கு மேல் என்றேன்.

"என் வீட்டுலேர்ந்து சண்டை நடக்கற இடத்துக்குப் போக நாலு பாலம். ரெண்டு பாலம் அதைத் தாங்காது. எட்டு வருஷமா நான் பாலத்தைத்தான் பாக்கறேன், நம்புங்க."

மீட்டிங்கே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. அப்ரைசலுக்கு, அதாவது வருடாந்திர வேலை மதிப்பீட்டுக்கு, ஒரு மாதம் முன்னால் எல்லோருக்கும் திடீரென்று பொறுப்பு வந்துவிடும். ஏதாவது ஒன்றைக் காட்டி, இதை இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையைத் தூக்குவோம். இன்னொருவர் கையில் இருப்பதை வாங்கிக்கொண்டால் மதிப்பு இன்னும் ஏறும். அதற்கு ஓனர்ஷிப் என்று பேர். அந்த வருடம் சீனியர் பதவி ஒன்று காலியாக இருந்தது. அது எனக்கு வேண்டும். டீமில் யாரும் தொடாத பெரிய விஷயம் எது என்று பார்த்தேன். பாலம்.

மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதினேன். போர் நடக்கும் நாட்டில் ஒரே ஒருவரை நம்பி இவ்வளவு முக்கியமான பகுதியை விட்டு வைப்பது ஆபத்து. அங்கே அடிக்கடி கரண்ட் போகிறது, சைரன் அடித்தால் ஆள் கிடைப்பதில்லை. மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தால் பெங்களூரிலிருந்து நானே முழுசாகப் பார்த்துக்கொள்வேன். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அப்புறம் நம் கதி என்ன என்று கடைசியில் கேட்டு முடித்திருந்தேன். எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

மேனேஜர் மைசூர்க்காரர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். என் இடத்துக்கே வந்து, "சக்கத்தா எழுதியிருக்கே மா. ரிஸ்க்னு ஒரு வார்த்தை போட்டே பாரு, க்ளையன்ட் எழுந்து உக்காந்துட்டான். நாளைலேர்ந்து கே.டி. ஆரம்பிச்சுடு" என்றார். கே.டி. என்றால் நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். ஒருவர் தன் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்து ஒப்படைப்பது.

அந்த வாரக் கடைசியில் அமெரிக்காவில் மசோதா பாஸ் ஆனது. திங்கட்கிழமை வீடியோ காலில் நான் கொடி, பட்டாசு, கைதட்டல் என்று சாட் முழுக்க நிரப்பினேன்.

"தேங்க்ஸ்" என்றார் பாலம் அண்ணா. "ஆறு மாசம் லேட். ஆனா தேங்க்ஸ். இப்போ குண்டு வரும். தூக்கி வெக்க ஆளுதான் வேணும்."

அதற்கும் ஒரு கைதட்டல் போட்டேன்.

மூன்று வாரம், தினமும் மதியம் இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவு நன்றாக என் காலேஜில் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நடுவில் சைரன் அடித்தால் லேப்டாப்போடு எழுந்து வீட்டுக்குள் இருக்கும் காரிடாருக்குப் போய்விடுவார். வெளிச்சுவருக்கும் தனக்கும் நடுவில் இன்னொரு சுவர் இருக்க வேண்டுமாம், கண்ணாடி பறந்தால் அது தடுக்கும். செருப்பு அலமாரி மேல் லேப்டாப்பை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பக்கத்தில் அவர் மாமனார் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருப்பார். "சத்தத்துக்கு மன்னிக்கணும். அது ஏவுகணை இல்ல, என் மாமனார்" என்பார்.

கடைசி வகுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை. முடிந்ததும் ஃபார்மாலிட்டிக்குக் கேட்டேன், "இனிமே நீங்க எந்த வேலைக்கு மாறப் போறீங்க?"

"தெரியல. நெட்டையா இருக்கேன், பீரங்கிக்கு அனுப்புவாங்கன்னு மச்சான் சொல்றான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் எப்போதும் சிரிக்க மாட்டார் என்பதால் எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அவரே விளக்கினார். அவர்கள் நாட்டில், முக்கியம் என்று அரசு ஒத்துக்கொண்ட கம்பெனியில் வேலை செய்யும் ஆண்களில் பாதிப் பேரைப் பட்டாளத்துக்கு எடுக்காமல் விட்டு வைப்பார்கள். அந்தப் பாதிப் பேர் யார் என்று கம்பெனிதான் லிஸ்ட் கொடுக்க வேண்டும். "என்னை விட்டா யாருக்கும் பாலம் தெரியாது. அதனால என் பேர் எப்பவும் லிஸ்ட்ல இருந்துச்சு. இப்போ உங்களுக்குத் தெரியுமே."

"எனக்கு இது தெரியாது" என்றேன்.

"தெரிஞ்சு எழுதியிருப்பீங்கன்னு நான் நெனைக்கல."

"எழுதியிருப்பீங்கன்னா?"

"உங்க மெயிலப் படிச்சேன். கே.டி.க்கு உங்க மேனேஜர் அனுப்புன இன்வைட்டுக்குக் கீழ முழுசா இருந்துச்சு. கீழ வரைக்கும் யாரும் படிக்க மாட்டாங்க. நான் படிப்பேன்."

ஆமாம். எங்கள் ஆபீசில் யாரும் புது மெயில் எழுத மாட்டோம். பழைய மெயில் மேலேயே ஒரு வரி தட்டி ஃபார்வர்ட் பண்ணிவிடுவோம். சைரன் அடித்தால் ஆள் கிடைப்பதில்லை என்று நான் எழுதியதை முதல் நாளே படித்துவிட்டுத்தான், மூன்று வாரம் செருப்பு அலமாரி மேல் லேப்டாப்பை வைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"என்ன சொல்றது? இல்ல, தப்புத் தப்பா சொல்லித் தரட்டுமா? எங்கேயோ ஒரு லாரிக்காரன் ஆத்துல விழுவான்."

லிஸ்ட் எப்போது போகிறது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றார். எனக்கு இன்னும் பாலம் முழுசாகப் புரியவில்லை, இவர் இல்லாமல் முடியாது என்று நான் எழுதிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டேன். போதும் என்றே நினைப்பதாகச் சொன்னார். கூடவே, "போக மாட்டேன்னு சொல்ற ஆள் இல்ல நான். ஆனா ஆசைப்பட்டுப் போறேன்னு சொன்னா அது பொய்" என்றார்.

"நான் சரி பண்றேன்" என்றேன். அதைச் சொன்னபோது நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னேன்.

அன்று சாயங்காலமே அங்குள்ள எச்.ஆருக்கு மெயிலை எழுதிவிட்டேன். அதில் பொய்யும் இல்லை. பாலம் எனக்குப் பாதிதான் புரிந்திருந்தது. அனுப்பவில்லை. மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பலாம் என்று டிராஃப்டில் வைத்தேன்.

புதன்கிழமை காலை மேனேஜரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, முகமே மாறிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "அய்யோ, பாவம் மா. ஆனா இங்க நோடு, நாளைக்கு நாலு மணிக்கு ப்ரமோஷன் ரவுண்டு. இப்போ போயி 'எனக்குத் தெரியல'ன்னு நீயே எழுதினா யாரு உன் பேரைச் சொல்லுவாங்க? லிஸ்ட் வெள்ளிக்கிழமைதானே? வெள்ளிக்கிழமை காலைல அனுப்பு. எனக்கும் சிசி போடு, நானும் பேசறேன்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்குப் பதவியும் வரும், லிஸ்ட்டில் பாலம் அண்ணா பேரும் நிற்கும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மத்தியானம் பாலம் அண்ணாவிடமிருந்து சாட்டில் ஒரு மெசேஜ். "ஏதாவது தகவல் உண்டா?" அவர் தனக்காக என்னிடம் கேட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான். "வேலை நடக்குது அண்ணா" என்று அடித்து, பக்கத்தில் ஒரு கட்டை விரலைப் போட்டேன்.

வியாழக்கிழமை கேன்டீனில் நீலசந்திரா பையன் கேட்டான், "மூஞ்சி ஏன் இப்படி பேஜாரா இருக்கு?" எல்லாவற்றையும் சொன்னேன்.

தட்டை நகர்த்தி வைத்தான். "போன எடு. இப்பவே அனுப்பு."

"நாலு மணிக்கு ரவுண்டு முடிஞ்சுடும்டா. லிஸ்ட் நாளைக்குத்தான். காலைல மொத வேலை அதான்."

"நாளைக்குன்னு எழுதிக் குடுத்தாங்களா உனக்கு?"

"அவரே சொன்னார்."

"ஏய், உன் ரவுண்டு முடியட்டும்னு அந்தாள நிக்க வெச்சிருக்க. அமெரிக்காகாரன் அவன் எலெக்‌ஷனுக்காக நிக்க வெச்சான்னு ஆறு மாசமா இதே டேபிள்லதான கத்திட்டு இருந்த?"

"அதுவும் இதுவும் ஒண்ணாடா? அது நாடு, சண்டை. இது பதினெட்டு மணி நேரம்."

அவன் பாதிச் சாப்பாட்டோடு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபம் தலைக்கு ஏறியது எனக்கு. ஒரு போஸ்ட்கூடப் போடாதவன் எனக்குப் பாடம் எடுக்கிறானா என்று நினைத்தேன்.

நாலரை மணிக்கு மேனேஜர் வெளியே வந்து கட்டை விரலைக் காட்டினார். சீனியர் ஆகிவிட்டேன். மேனேஜர் சொன்ன மாதிரி காலையிலேயே அனுப்பிக்கொள்ளலாம் என்று மெயிலை டிராஃப்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கு, ஆபீசுக்குள் நுழைந்த கையோடு, பையைக்கூடக் கழற்றாமல் மெயிலை அனுப்பினேன். அங்கே அப்போது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அவர்கள் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாகக் காபி குடித்தேன்.

மதியம் அங்குள்ள எச்.ஆர். பெண்ணிடமிருந்து பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். என் கருத்துக்கு நன்றியாம். வெள்ளிக்கிழமை அவர்கள் பகுதியில் நாள் முழுக்க மின்வெட்டு என்று அட்டவணை வந்ததால், லிஸ்ட்டை வியாழக்கிழமை சாயங்காலமே அனுப்பிவிட்டார்களாம். அந்த இடத்தில் வேறொருவர் பேர் போய்விட்டது, இனி மாற்ற முடியாதாம்.

அங்கே கரண்ட் போகிறது என்று என் முதல் மெயிலில் நானே எழுதியிருந்தேன்.

பாலம் அண்ணாவுக்கு போன் செய்து அழுதேன். அப்ரைசலுக்காக நிறுத்தி வைத்தேன் என்று உண்மையைச் சொன்னேன். பிறகு, "பதவி கிடைச்சுதா?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். கிடைத்தது என்றேன். "அப்போ பாலத்தைப் பத்திரமா பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு மாதத்தில் பட்டாளத்துக்குப் போய்விட்டார்.

மழைக்காலத்தில் பாலம் உடைந்தது. சாஃப்ட்வேரைச் சொல்கிறேன். ஒரு கனரக லாரியைக் கிராமத்துச் சின்னப் பாலம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டது. டிரைவர் போர்டைப் பார்த்து நிறுத்தியதால் தப்பித்தார். க்ளையன்ட் காட்டுக் கத்தல். இரண்டு நாள் தேடினேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவரிடம் கேட்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கடைசியில் கேட்டேன்.

நாலாவது நாள் ஒரு போட்டோ வந்தது. குண்டுகள் வந்த பெட்டியின் அட்டை மேல் பேனாவால் படம் போட்டு, எந்த இடத்தில் என்ன தப்பு என்று அம்புக்குறி இட்டிருந்தார். அட்டையில் ஏற்கெனவே அச்சடித்திருந்த இங்கிலீஷ் எழுத்துகளுக்கு நடுவில், இடம் கிடைத்த இடத்தில் எல்லாம் அவர் கையெழுத்து. ஓரத்தில் ஒரு விரல் தெரிந்தது. நகம் முழுக்க மண். அவர் சொன்ன இடத்தைத் திருத்த எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பத்திரமாக இருக்கிறீர்களா என்று கேட்டு அனுப்பினேன். "சூரியகாந்தி விதை சத்தத்துக்கு ஏங்குறேன். மாமனார்கிட்ட சொல்லிடாதீங்க" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு நான் அனுப்பியது எதற்கும் பதில் வரவில்லை.

குளிர்காலத்தில் ஒருநாள், அதே ஒன்றரை மணி மீட்டிங். உக்ரைன் பக்க டீமின் லீட் ஒரு பெண். தன் முறை வந்ததும், நேற்று முடித்தது, இன்று செய்யப் போவது எல்லாம் சொல்லிவிட்டு, அதே குரலில், பாலம் அண்ணா போரில் காணாமல் போனவர்கள் பட்டியலில் இருப்பதாகவும், அவர் இருந்த இடத்துக்கு இப்போது யாராலும் போக முடியாது என்றும் சொன்னார். எல்லோரும் மைக்கை அணைத்திருந்தோம். எங்கள் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மறுபடி மாட்டிக்கொண்டு, "அடுத்து யாரு?" என்றார்.

அடுத்து நான்தான். நேற்று பாலத்தில் ஒரு வேலை முடித்தேன், இன்று இன்னொன்று, தடை எதுவும் இல்லை என்று சொன்னேன்.

இந்த வாரம் வரை அவரைப் பற்றித் தகவல் இல்லை. நீலசந்திரா பையன் மட்டும் ஒருமுறை, "அவர் இல்லன்னா வேற ஒருத்தன் போயிருப்பான் குரு, லிஸ்ட்டுன்னா அப்படித்தான்" என்று சமாதானம் சொன்னான். அவன் சொன்னதும் நிஜம்தான். ஆனால் அந்த வேறொருத்தன் என்னிடம் "ஏதாவது தகவல் உண்டா?" என்று கேட்கவில்லை.

அந்த நாட்டுக்கு ஆயுதம் கொடுக்கத்தான் வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், யாராவது கேட்டால் சொல்லவும் சொல்கிறேன். ஆனால் தாமதித்தவர்களைத் திட்ட மட்டும் எனக்கு இப்போது வாய் வருவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு ஒரு தேர்தல் இருந்தது, எனக்கு ஒரு அப்ரைசல் இருந்தது, காத்துக்கொண்டிருந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.